போதிசத்துவரின் பெயரும் கூலியாளின் கந்தையும்

அணுவுலைகளால் விளையும் கேட்டையும், அவற்றுக்கு மாற்றாக மக்கள் கைக்கொள்ளத்தக்க எரிசக்தி வழிகளையும் பற்றி விஞ்ஞானிகளும் அரசாங்கத்தாரும் மட்டுமே பேசிவந்த காலம் போய், சமயத் தலைவர்களும் பேசத் தொடங்கியுள்ளனர். இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் பேசுவோர் யாவராயினும், அவர் பேச்சைச் சொல் சொல்லாக எடுத்து உரைத்துப் பார்ப்பது இலக்கிய ஆராய்ச்சியின் கடமை. காவியுடை தரித்தோர்க்கு அதனின்றும் விலக்கு இல்லை. அக்கருத்துடன், ஜப்பான் நாட்டில் எழுந்த ஒரு பெயர்சூட்டலையும், ஓர் அறிக்கையையும், ஒரு நூலையும் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

ஜப்பானை எடுத்துக்கொண்டது காரணமின்றியன்று. 1945-ஆம் ஆண்டில் இரண்டு அணுகுண்டுகளைத் தன் நகரங்களின்மேல் ஏற்ற நாடு அது. பின்னர் அந்நாடே, அணுவை நல்வழியில் பயன்படுத்துவோம் என்று கூறி, 2011-ஆம் ஆண்டுக்குள் 54 உலைகளை இயக்கும் நிலைக்கு வந்தது. அவ்வுலைகளை வாழ்த்துவதற்குச் சமயச் சொற்கள் பயன்பட்டன. 2011 மார்ச்சு 11-ஆம் நாள் நிலநடுக்கமும் கடல்கோளும் வந்து ஃபுகுஷிமா உலைகள் மூன்று உருகிக் கெட்டபின், அவற்றை விலக்குவதற்கும் அதே சமயச் சொற்களே பயன்பட்டன.

முதலிற் பெயர்சூட்டலைப் பார்ப்போம்.

ஜப்பான் கடலை நோக்கிய ஃபுகுயி மாவட்டத்திலே சுருகா என்றொரு நகரம். அங்கு நிறுவிய இரண்டு உலைகளில் ஒன்றுக்கு ஃபுகென் என்றும், மற்றொன்றுக்கு மொன்ஜு என்றும் பெயரிட்டனர். வடமொழியில் இவர்கள் சமந்தபத்திரர், மஞ்சுசிரீ. மகாயான பௌத்தத்தில் புத்தரின் இருமருங்கும் வைத்து வணங்கப்படும் போதிசத்துவர்கள். மஞ்சுசிரீ அறிவின் வடிவம், சிங்கத்தின்மேல் வீற்றிருப்பார். சமந்தபத்திரர் நற்செயலின் வடிவம், யானையின்மேல் வீற்றிருப்பார். கொடுவிலங்கின் வலிமையை அறிவும் அருளும் அடக்கியாள்வது போல அணுவின் வலிமையை மனிதன் அடக்கியாள்வான் என்பது பெயரிட்டோர் கருத்து.

உவமை என்ற அளவில் இது அழகியதென்பதை நாம் மறுக்கவில்லை. கவியரங்கில் எவரேனும் கூறியிருப்பின் நாமும் தலையசைத்திருப்போம். ஆயினும் கோயிற் சிலையிலே சிங்கமும் மரம், அதன்மேல் அமர்ந்தவரும் மரம். அந்தச் சிங்கத்துக்குப் பசியில்லை. ஆதலால் அமர்ந்தவருக்கு வேலையுமில்லை. பெயரிட்டோர் சிலையைப் பார்த்து உவமை கண்டனரேயன்றி, விலங்கைப் பார்த்துக் கண்டாரல்லர்.

விலங்கு எத்தன்மையது? மொன்ஜு சாதாரண உலையன்று. புளூட்டோனியத்தை எரித்து, எரித்ததைவிட மிகுதியான புளூட்டோனியத்தை உண்டாக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டது. அதன் வெப்பத்தைச் சுமந்து செல்வது தண்ணீரன்று, உருகிய சோடியம். சோடியமோ காற்றுப்பட்டால் எரியும், நீர்பட்டால் சீறும். 1994-ஆம் ஆண்டில் இவ்வுலை முதன்முதல் இயக்கம் பெற்றது. 1995 டிசம்பர் 8-ஆம் நாள், குழாயினுள் வெப்பத்தை அளப்பதற்காகச் செருகியிருந்த ஒரு கருவியின் உறை, சோடியம் ஓடும் வேகத்தில் அதிர்ந்து அதிர்ந்து முறிந்தது. விரல் பருமனுள்ள அவ்வுறையின் வடிவமைப்பிலேயே பிழை இருந்தது. ஏறத்தாழ 640 கிலோ சோடியம் வெளியே கொட்டித் தீப்பற்றியது. கதிர்வீச்சு வெளிப்படவில்லை. உயிர்ச்சேதம் அங்கே இல்லை. அவ்வளவோடு நின்றிருப்பின் அதனை ஒரு விபத்து என்று கூறி விட்டிருக்கலாம். ஆனால் உலையை நடத்திய நிறுவனத்தார், விபத்து நடந்த இடத்தைப் படம்பிடித்த வீடியோ நாடாவில் கேடு மிகுதியாகத் தெரிந்த பகுதிகளை வெட்டிவிட்டு, எஞ்சியதைப் பொதுமக்களுக்குக் காட்டினர். உண்மை சில நாட்களில் வெளியாயிற்று.

மஞ்சுசிரீயின் கையில் வாள் ஒன்று உண்டு. அது அறியாமையை வெட்டுவதற்கென்று பௌத்தர் கூறுவர். நாடாவை வெட்டுவதற்கென்று எவரும் கூறக் கேட்டிலோம்.

அதன்பின் அவ்வுலை பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் உறங்கியது. 2010 மே மாதத்தில் மீண்டும் எழுப்பினர். நான்கு மாதத்துக்குள் எரிபொருளை மாற்றும் 3.3 டன் எடையுள்ள பொறி உலைக்கலத்தினுள்ளே விழுந்தது. 2016 டிசம்பரில் அரசாங்கம் உலையைக் கலைத்துவிடத் தீர்மானித்தது. ஒரு லட்சம் கோடி யென்னுக்கு மேல் விழுங்கிய அது இயங்கிய நாட்கள் எல்லாம் சேர்ந்து 250 அளவே. ஃபுகென் உலையோ 2003-ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது.

திருப்பெயர் சூட்டியதால் உலை கெட்டது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவோர் வேறொரு மூடநம்பிக்கைக்கு ஆளானவர். பெயர் செய்த தீங்கு வேறு. வணங்கத்தக்க பெயரைத் தாங்கிய பொருளை ஐயுறுவதற்கு மனிதனின் நா கூசும். 'அந்த உறை எத்தனை மில்லிமீட்டர்? அதனை யார் சோதித்தார்?' என்று கேட்க வேண்டிய இடத்தில் கைகூப்பும் பழக்கத்தை அப்பெயர் உண்டாக்குகிறது. நம் தோட்டங்களில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்துத் தேர்வடத்தைத் தொட்டுச் சென்ற துரைமாரிடம், மறுநாட் காலை பிரட்டில் நின்று கூலி உயர்வைக் கேட்க எத்தனை பேருக்கு வாய் வந்தது என்பதைப் பழைய தலைமுறையினர் அறிவர்.

இந்நோய் ஜப்பானுக்கே உரியதுமன்று. 1945 ஜூலை 16-ஆம் நாள் அமெரிக்கப் பாலையில் வெடித்த முதல் அணுகுண்டுச் சோதனைக்குக் கிறிஸ்துவத் திரித்துவத்தின் பெயரையே இட்டனர். 1974 மே 18-ஆம் நாள் இந்திய அரசாங்கம் பொக்ரானில் வெடித்த சோதனை 'சிரிக்கும் புத்தர்' என்று வழங்கப்படுகிறது. எறும்பை மிதிக்க அஞ்சிய சமயத்தின் ஆசிரியரை வெடிமருந்துக்குப் பெயராக்கியபோது சிரித்தவர் அவராக இருக்க முடியாது.

இனி அறிக்கையை எடுத்துக்கொள்வோம்.

ஃபுகுஷிமா விபத்து நடந்த அதே ஆண்டில் ஜப்பானியச் சமய நிறுவனங்கள் பல வாய் திறந்தன. நவம்பரில் கத்தோலிக்க ஆயர்கள் செண்டாய் நகரிலிருந்து, அணுவுலைகளை உடனே ஒழிக்க வேண்டுமென்று கேட்டனர். 2011 டிசம்பர் 1-ஆம் நாள் அனைத்து ஜப்பான் பௌத்த சம்மேளனம் அணுமின்சாரத்தைச் சாராத வாழ்வை நாடி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாம் ஆராய்வது இந்தப் பௌத்த அறிக்கையையே. அளவிற் சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். போதிசத்துவர் பெயரை உலைக்கு இட்டபோது பெரிதும் வாளாவிருந்த சமயத்தினரின் வாயிலிருந்து வந்தமையால், அதற்குத் தனியொரு மதிப்பு உண்டு.

அறிக்கை கூறுவதன் சாரம் யாதெனில்: மக்கள் பிறந்த ஊரைவிட்டு அகன்றனர், குழந்தை பெற்றோர் கதிர்வீச்சை எண்ணி அஞ்சுகின்றனர், வசதியை நாடிய நமது வாழ்க்கையின் நிழலில், உலைக்கருகே வாழ்வோரின் அச்சமும் வருங்காலத்தாருக்கு விட்டுச்செல்லும் கழிவும் கிடக்கின்றன, பிறரைப் பலியிட்டுப் பெறும் செல்வத்தை நாம் விரும்பலாகாது, நீடித்து நிலைக்கத்தக்க எரிசக்தியைக் கொண்ட சமுதாயத்தை அமைக்க வேண்டும், ஒவ்வொருவரும் இதனைத் தம் சொந்த விஷயமாகக் கொண்டு, மிகுந்த ஆசையை விட்டு, போதுமென்ற மனத்துடன் இயற்கையின்முன் பணிந்து வாழ வேண்டும்.

பிறரைப் பலியிட்டுப் பெறும் செல்வம் வேண்டா என்ற வாசகத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். உலைப் பொறியியலாளர் நூறு பேர் கூடி எழுதினாலும் அவ்வாசகம் வந்திராது. எத்தனை யூனிட் மின்சாரம், என்ன விலை, எவ்வளவு கரி மிச்சம் என்ற கணக்குகளில் அடங்காத வினா ஒன்றை அது எழுப்புகிறது. அணுமின்சாரத்தைப் பற்றி ஆன்ம நோக்கு என ஒன்று இருக்குமாயின் அது இவ்வினாவே: இந்த வெளிச்சத்துக்காக இருட்டில் நிற்பவன் யார்?

ஆனால் வினாவை எழுப்பிய அறிக்கை, விடையை உச்சரிக்கவில்லை. ஊரைவிட்டு அகன்றோர் அதில் வருகின்றனர், தாய்மார் வருகின்றனர், பிறவாத தலைமுறைகூட வருகிறது. உலைக்குள் இறங்கிய கூலியாளுக்கென ஒரு வரி ஒதுக்கப்பட்டதாகக் காணோம். அவனுக்குப் பதிலாக வருவது ஒரு சொல்: 'நாம்'. ஆசைப்பட்டவர் நாம்; வசதியை நாடியவர் நாம்; திருந்த வேண்டியவரும் நாம். (இக்கட்டுரையிலும் நாம் 'நாம்' என்றே எழுதுகின்றோம். அது பத்திரிகை மரபு. எவர் தோளிலும் எதையும் ஏற்றுவதில்லை.) அறிக்கையின் 'நாம்' மிகவும் கனமானது. மின்சார நிறுவனத்தின் தலைவரும், அவருக்கு உரிமச் சீட்டு வழங்கிய அதிகாரியும், அவர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிய கிழவியும் அதனுள் ஒரே அளவில் அடங்கிவிடுகின்றனர். எல்லாரும் குற்றவாளி என்றால் எவரையும் விசாரிக்க வேண்டுவதில்லை.

இவ்வகை 'நாம்' அந்நாட்டுக்குப் புதியதன்று. 1945 ஆகஸ்டில், போர் முடிந்தவுடன் தலைமை அமைச்சரான இளவரசர் ஹிகாஷிகுனி, நாட்டின் பத்துக் கோடி மக்களும் ஒருங்கே மனம் வருந்திக் கழுவாய் தேட வேண்டும் என்றார். கேட்பதற்கு எத்துணை உயர்ந்த சொல்! ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட பல்லாயிரம் தமிழரின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பத்துக் கோடிப் பேரின் வருத்தம் அவர்களுக்கு வேண்டியதில்லை. ஆணையிட்டவன் யார், ஆள்பிடித்துக் கொடுத்தவன் யார் என்ற இரண்டு பெயர்களே வேண்டும். 2012-இல் ஜப்பானியப் பாராளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, ஃபுகுஷிமாவில் நடந்தது மனிதர் செய்த கேடே என்று துணிந்து எழுதியது. அக்குழுவின் தலைவரோ ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில், ஜப்பானியர்க்கு இயல்பான பணிவும் ஒத்துப்போகும் குணமுமே வேர்க்காரணம் என்னும்படி எழுதிவைத்தார். பண்பாட்டின்மேல் பழியைப் போட்டால் மனிதர் தப்பிவிடுவர் என்று அப்போதே பலர் கண்டித்தனர். சம்மேளனத்தார் 'ஆசை' என்றனர். குழுத் தலைவர் 'பண்பாடு' என்றார். இரண்டாலும் தப்பியவர் ஒருவரே.

'போதுமென்ற மனம்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தர் அதனை அரண்மனையை விட்டு வந்தபின் போதித்தார். நம் தோட்ட லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் பாடம் படித்தோரும், மாலையில் சில மணிநேரம் மட்டும் தோட்டத்து எஞ்சின் ஓடி விளக்கெரிந்த காலத்தைக் கண்டோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். இவர்களுக்கு மின்சாரம் ஆசையன்று, பிள்ளையின் கண்பார்வை. கூடுதலாக வைத்திருப்பவனைப் பார்த்துப் 'போதும்' என்பது அறவுரை. இல்லாதவனைப் பார்த்து அதையே கூறுவது அவன் வாயை அடைப்பது. இவ்விருவரையும் வேறுபடுத்தாமல் ஒரே தட்டில் பரிமாறியது அறிக்கையின் பெருங்குறை. மணிமேகலை படித்த தமிழருக்குப் பௌத்தம் புதியதன்று. அக்காவியத்தின் தலைவி பசித்தோரிடம் போதுமென்ற மனத்தைப் போதிக்கவில்லை. முதலில் சோறிட்டாள், பின்னர் அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். அறிக்கையை எழுதியோரின் முன்னோர் மரபிலும் அந்த வழி இருக்கவே செய்தது.

இஃது இவ்வாறாக, அறிக்கை விட்டுச்சென்ற இடத்தை நிரப்பும் நூல் ஒன்று, அறிக்கைக்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சாகிவிட்டது.

குனியோ ஹோரியே என்னும் எழுத்தாளர், தாம் எழுத்தாளர் என்பதை வெளியிடாமல், 1978, 1979 ஆண்டுகளில் மிஹாமா, ஃபுகுஷிமா, சுருகா ஆகிய மூன்று அணுமின் நிலையங்களில் கடைநிலைக் கூலியாளாகச் சேர்ந்து உழைத்தார். அந்நாட்குறிப்பே 1979-இல் 'அணுவுலை நாடோடிகள்' என்று பொருள்படும் பெயருடன் நூலாக வெளிவந்தது. சுருகா என்ற பெயரை வாசகர் கவனிக்க வேண்டும். போதிசத்துவர் பெயரிட்ட ஃபுகென் உலை மின்சாரம் வழங்கத் தொடங்கிய காலமும், அதே ஊரில் அதற்கடுத்த மின்நிலையத்தில் இவர் வேலை செய்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. இருவருக்கும் அறிமுகம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

நூலில் ஆன்மிகம் என்ற பேச்சே இல்லை. இறைவன் இல்லை, ஊழ் இல்லை, உலக முடிவு இல்லை. விடியலில் எழுகிறார், வண்டியில் ஏற்றப்படுகிறார், உடுத்தியிருந்ததைக் களைந்து நிறுவனத்தார் கொடுத்த உடையை மாட்டுகிறார், கதிர்வீச்சை அளக்கும் கருவியை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்குகிறார். பெரிய பொறிகளின் அடியில், குழாய்களின் இடுக்கில், தரையில் தேங்கிய நீரைக் கந்தைத் துணியால் ஒற்றி எடுக்கிறார். துருவைச் சுரண்டுகிறார். முகமூடிக்குள் மூச்சு முட்டுகிறது. கண்ணாடி வியர்வையில் மங்குகிறது. வேலை முடிய வேண்டுமே என்று ஆட்கள் முகமூடியைத் தளர்த்திக்கொள்கின்றனர். கருவி ஒலித்ததும் ஓர் ஆள் வெளியேறுகிறான். வேறோர் ஆள் உள்ளே போகிறான். உலகமே வியக்கும் விஞ்ஞானத்தின் அடியில் நிகழும் வேலை, தரை துடைக்கும் வேலை. ஃபுகுஷிமாவில் அவர் விழுந்து விலாவெலும்பு முறிந்த நாளையும் அதே குரலில்தான் எழுதுகிறார்.

அக்குரலே நூலின் சிறப்பு. அவர் கோபத்தை எழுதவில்லை, நேரத்தை எழுதுகிறார். எத்தனை மணிக்கு இறங்கினார், கருவி எவ்வளவு காட்டியது, அன்றைய கூலி எவ்வளவு என்று நாள்தோறும் எழுதிக்கொண்டே போகிறார். சில பக்கங்களில் வாசகருக்கு அலுப்புத் தட்டும். ஒரு நாளைப் போலவே மறுநாள். ஒரு குழாயைப் போலவே மற்றொரு குழாய். இதனைக் குறையென்போரும் இருக்கலாம். அலுப்பும் அவ்வேலையின் ஓர் உறுப்பாதலால் அது நூலினுள் இருப்பதே முறை என்பது நமது அபிப்பிராயம். பால்வெட்டுக்குப் போனவரிடம் கேட்டால், முந்நூறாம் மரம் முதல் மரத்தைப் போலவே இருந்தது என்பார்.

அந்நூல் காட்டும் ஏற்பாடு, நம் வாசகர்க்கு விளக்கம் வேண்டாமலே விளங்கும். மேலே மின்சார நிறுவனம், அதன்கீழ் பெருங் குத்தகைக்காரர், அவர்கீழ் சிறு குத்தகைக்காரர், அவர்கீழ் இன்னொருவர், கடைசியில் ஆள் சேர்த்துக் கொடுக்கும் தலைவன். ஒவ்வொருவரும் கூலியில் ஒரு துண்டைக் கிள்ளிக்கொள்கின்றனர். ஓர் உலையில் வேலை முடிந்ததும் கூலியாள் அடுத்த உலைக்குச் செல்கிறான். ஓசாகாவின் கமகசாகி, தோக்கியோவின் சன்யா முதலிய அன்றாடக் கூலிகளின் பேட்டைகளிலிருந்தும் ஆள் பிடித்தனர். நிறுவனத்தின் நிலையான ஊழியர் அளவான கதிர்வீச்சே பெற்றனர் என்று பதிவேடு காட்டும். மீதியைப் பெற்றவன் அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

2011 மார்ச்சிலும் கதை மாறவில்லை. உலைகள் கெட்ட அதே மாதத்தில், அவசர வேலையில் ஈடுபட்டோர்க்கு அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சின் வரம்பை 100 மில்லிசீவர்ட்டிலிருந்து 250-ஆக அரசாங்கம் உயர்த்தியது. மனித உடல் ஒரே இரவில் இரண்டரை மடங்கு உறுதிபெற்றது போலும்! மார்ச்சு 24-ஆம் நாள் மூன்றாம் உலையின் நிலத்தடியில் மின்கம்பி பதிக்கச் சென்ற மூவர், தேங்கி நின்ற நீரில் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களில் இருவர் அணிந்திருந்தவை கணுக்கால் அளவான காலணிகளே; நீர் உள்ளே புகுந்து கால்களை நனைத்தது. பௌத்த அறிக்கை எழுதப்பட்டது இதற்கு எட்டுத் திங்களுக்குப் பின்.

ஒரு நூல், அறிக்கை செய்யத் தவறியதைச் செய்தது எவ்வாறு? அதை எழுதியவர் இறங்கிப் பார்த்தார் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அவர் 'நாம்' என்று தொடங்கவில்லை. 'நான்' என்று தொடங்கி, 'அவன்' என்று பக்கத்தில் நின்றவனைக் காட்டினார் என்பது. இக்காலத்தில் அறியப்பட்ட சுவெத்லானா அலெக்சியேவிச் அம்மையார் 1997-இல் வெளியிட்ட 'செர்நோபில் பிரார்த்தனை'யிலும் இப்பண்பைக் காணலாம். தலைப்பில் பிரார்த்தனை இருந்தாலும், உள்ளே இருப்பவை 1986-இல் அவ்வுலை வெடித்ததனால் கணவனை இழந்தவளும் மண்ணை வெட்டிப் புதைத்தவனும் தத்தம் வாயால் கூறிய வாக்குமூலங்களே. பிரார்த்தனை என்ற சொல்லுக்கு நாம் ஒப்பும் பொருள் அதுவாயின், எமக்கு மறுப்பில்லை.

நிற்க, அணுவுலையை எதிர்ப்போர் மறைக்கும் ஓர் உண்மையையும் கூறிவிட வேண்டும். ஒருதலைப் பேச்சு ஆராய்ச்சியாகாது. நிலக்கரிப் புகை ஆண்டுதோறும் உலகெங்கும் குடிக்கும் உயிர்களின் தொகை, அணுமின் நிலையங்களின் விபத்துக்களால் மாண்டோரின் தொகையைவிட மிகப் பெரிது. 2011-க்குப்பின் ஜப்பான் உலைகளை நிறுத்திவிட்டு எரித்தது பெரும்பாலும் கரியையும் வாயுவையுமே. ஃபுகுஷிமா மாவட்டத்தில் பேரிடரின் பின்விளைவால் இறந்தோராகப் பதிவானவர் 2,300-க்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர்; கதிர்வீச்சால் அன்று, ஊர்விட்டு ஊர் கொண்டுபோன அலைச்சலாலும், மருத்துவமும் ஆதரவும் அறுந்ததாலும் மாண்டனர். இவற்றைச் சொல்லாமல் 'அணு' என்ற ஒரு சொல்லைப் பேய்போல் காட்டி அச்சுறுத்துவது, போதிசத்துவர் பெயரிட்டோர் செய்த பிழையின் மறுபக்கமே. தெய்வமாக்கினாலும் பேயாக்கினாலும் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது.

மாற்று எரிசக்தியையும் இதே உரைகல்லில் உரைக்க வேண்டும். சூரியன், காற்று, ஆறு என்றவுடன் ஆன்மிகம் பேசுவோர் குழைந்துவிடுகின்றனர். ஆறு தூய்மையானது, ஆனால் சரவாக்கில் பாக்குன் அணைக்கட்டு 2,400 மெகாவாட் மின்சாரத்துக்காக எழுந்தபோது, காயான், கென்யா முதலிய பழங்குடியினர் ஏறத்தாழ 10,000 பேர் தம் நீண்டவீடுகளையும் மூதாதையர் கல்லறைகளையும் விட்டுச் சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். காற்றும் தூய்மையானது, ஆனால் இன்றைய காற்றாலைகள் பலவற்றின் காந்தங்களுக்கு வேண்டிய அருமண் உலோகங்கள் மண்ணிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். அத்தொழில் எத்தகையது என்பதை ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவின் மக்களைவிட நன்கறிந்தவர் இலர். ஜப்பானிய நிறுவனமொன்றும் பங்குகொண்ட ஆலை 1982-இல் அங்கே வேலை தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பிரித்து உலோகத்தை அனுப்பிவிட்டு, கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவை ஊரிலேயே விட்டது. 1985-இல் மக்கள் நீதிமன்றம் ஏறினர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993-இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-இல் நிறுவனம் தானே மூடிக்கொண்டது. அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லாத நாட்டில், அணுவுலையின் கழிவை ஒத்த கழிவை மூட்டைகட்டி மலையடியில் புதைக்க வேண்டி வந்தது.

இதனால் சூரியத் தகட்டையும் காற்றாலையையும் வேண்டாமென்கிறோம் அல்லோம். சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் மிதக்கும் 60 மெகாவாட் சூரியத் தகடுகளைக் காண எமக்கு மகிழ்ச்சியே; எவருடைய வீட்டையும் இடிக்காமல், தண்ணீரின்மேல் விரித்துவிட்டனர். பகுத்தறிவுள்ள மக்கள் அவ்வழியில் மேலும் மேலும் செல்வர் என்றே நம்புகிறோம். ஆயினும் அத்தகட்டைக் கழுவுபவனுக்கு என்ன கூலி, அதன் மூலப்பொருளைத் தோண்டியவன் எந்நாட்டான் என்று கேட்காமல் 'இது தருமமான மின்சாரம்' என்று பொட்டு வைத்துவிட்டால், மொன்ஜுவின் பெயர்சூட்டு விழா மறுபடியும் நடந்ததாகும்.

பௌத்த அறிக்கை அந்நாட்டு அரசாங்கத்தின் செவியில் நெடுநாள் நிற்கவில்லை. விபத்துக்குப்பின் அணுமின்சாரத்தை இயன்றவரை குறைப்போம் என்று எழுதிவந்த ஜப்பானிய அரசாங்கம், 2025-இல் வெளியிட்ட எரிசக்தித் திட்டத்தில் அவ்வாசகத்தை நீக்கிவிட்டது. இப்பகுதியிலும் அப்பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. 2012-இல், அன்றிருந்த வகை உலைகள் இச்சிறு தீவுக்குப் பொருந்தா என்று முடிவு கூறிய சிங்கப்பூரும் புதுவகைச் சிற்றுலைகளைப் பற்றி ஆராய்கிறது, மலேசியாவும் அவ்வாறே. ஆதரித்தும் எதிர்த்தும் அறிஞர் பேசுவர். சமயத் தலைவர்களும் பேசுவர். அப்போது வெளிவரும் அறிக்கைகளை எடுத்துப் படிக்கும் நம் வாசகர், அவற்றில் 'நாம்' என்பது எத்தனை இடத்தில் வருகிறது, கூலியாள் எத்தனை இடத்தில் வருகிறான் என்று மட்டும் எண்ணிப் பார்த்தால் பாதி ஆராய்ச்சி முடிந்துவிடும்.

மொன்ஜுவைப் பிரித்தெடுக்கும் வேலை 2047 வரை செல்லுமென்று திட்டமிட்டுள்ளனர். ஹோரியேயின் நூல் 2011-இல் மறுபதிப்புப் பெற்றது. அதனைத் தமிழாக்கும் ஆற்றலுடையார் எவரேனும் முன்வரின், அவர் தோட்டத்து வாழ்க்கையையும் அறிந்தவராயிருத்தல் நலம். ஜப்பானிய மொழியில் அந்த ஆள் சேர்க்கும் தலைவனை 'ஓயாகதா' என்பர். அச்சொல்லுக்கு அவர் அகராதியைப் புரட்ட வேண்டியிராது. கங்காணி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.